சிரசும் உடலும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தின் திருவிழா ஆண்டு

தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலை ஆண்டுக்கு எத்தனை நாள் விடுமுறை விட வேண்டும் என்பதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. அவற்றுக்கு மேல் பண்டிகைக்கென்று ஐந்து நாள். எந்த ஐந்து என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் முடிவு செய்வார். ஒரே ஊரார், ஒரே மதத்தார் வேலை பார்க்கும் இடத்தில் இதில் சிக்கல் இல்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் நிலைமை வேறு. தோல், ஷூ கம்பெனி முதலாளிகளில் பலர் முஸ்லிம்கள். தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களில் தலித்துகள் மிகுதி, கிறிஸ்தவர்களும் கணிசம். பொங்கல், ரம்ஜான், பக்ரீத், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எண்ணினாலே ஐந்தும் தீர்ந்துவிடும். ஆயுத பூஜையும் தமிழ்ப் புத்தாண்டும் புனித வெள்ளியும் மிலாது நபியும் ஊர்க் கெங்கையம்மன் திருவிழாவும் வெளியே நிற்கும். அவற்றில் ஒன்றுக்கு லீவு வேண்டுமென்றால் பல இடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இந்த வட்டாரத்தின் விழாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலபுராணத்திலிருந்து தொடங்குவார்கள். சுற்றுலாத் துறைக் கையேடு வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்கும். கம்பெனி வாசலில் ஒட்டப்படும் அந்த விடுமுறைப் பட்டியலிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பண்டிகை யாருடையது, அதற்காக யார் வேலையை நிறுத்த முடியும், யாரால் முடியாது என்ற கேள்வி அங்கேதான் நேராக எழுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019 நவம்பர் 28இல் மூன்றாகப் பிரியும் வரை இது ஒரே மாவட்டம். பாலாறும் தோலும் இன்னும் அதை ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றன. இங்கே ஆண்டு முழுவதும் விழாக்கள் நடக்கின்றன. சில பல தலைமுறைகளாகத் தாமாகவே நடக்கின்றன. சிலவற்றை அரசு பணம் கொடுத்து நடத்தியும் வேர் பிடிக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பங்கு என்பதே என் கருத்து. எந்தத் தெருவுக்கு, எந்தத் தொழிலுக்கு, எந்தக் குடும்பத்துக்கு என்ன பங்கு என்று தீர்ந்திருக்கும் விழா நிலைக்கிறது. பார்வையாளர்கள் மட்டும் இருக்கும் விழா கலைந்துபோகிறது.

பஞ்சாங்கம் தவிர இங்கே இன்னொரு நாட்காட்டியும் ஓடுகிறது. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலுமாகச் சென்னை நந்தம்பாக்கத்தில் இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சி நடக்கும். முன்பு பொலோஞாவிலும் இப்போது மிலானிலும் நடக்கும் லினியாபெல்லே கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடும். அடுத்த பருவத்துக்கு எந்த நிறம், எந்த வழவழப்பு, எந்தத் தடிமன் என்பதெல்லாம் அந்த அரங்குகளில் முடிவாகி, ஆர்டராக ஆம்பூர் வந்து சேரும். ஐரோப்பியக் கடைகளுக்குக் குளிர்காலச் செருப்பும் பூட்ஸும் இலையுதிர் காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே நமது கோடையில், ஊரில் அம்மன் திருவிழாக்கள் கொடிகட்டும் மாதங்களில், கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஐரோப்பிய நகரமொன்றின் கண்காட்சி பாலாற்றங்கரைப் பெண்ணின் திருவிழா லீவைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பொங்கலில் தொடங்கலாம். தெற்கே மதுரைப் பக்கம் காளையைத் தழுவுவார்கள். இங்கே காளையை ஓட விடுவார்கள். மாடு விடும் திருவிழா என்றுதான் ஊரில் பெயர். மாட்டுப் பொங்கல் தொடங்கி மாசி வரை, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளும். ஊர்த் தெருவின் இருபுறமும் சவுக்குக் கட்டையால் தடுப்பு கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விட்டு, குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். காளைக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ரசிகர்கள் உண்டு. எல்லை தாண்டி ஆந்திரத்திலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தும் காளைகள் வரும். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது ஊடகங்கள் அலங்காநல்லூரைப் பற்றியே பேசின. அதே தீர்ப்பால் இந்த ஊர்களின் தெருக்களும் வெறிச்சோடின. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் ஜல்லிக்கட்டை அனுமதித்துச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. 2023 மே 18இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அரசு நிதியோ சுற்றுலா விளம்பரமோ இல்லாமல் கிராமம் கிராமமாக இது நடப்பதற்குக் காரணம், காளை வைத்திருப்பவரும் விழாக் குழுவும் தடுப்பு கட்டும் இளைஞரும் தத்தம் வேலையை உரிமையாக நினைப்பதுதான். மிதிபட்டுச் சாகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக்கூடாது. பார்வையாளர் நிற்கும் இடத்துக்குச் சரியான தடுப்பில்லாத ஊருக்கு அனுமதி மறுப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டும் மாலையில் ஆவாரம்பூ இருக்கும். அதே செடியின் பட்டைதான் குரோமியம் வருவதற்கு முன்பு இந்த ஊர்களின் குழிகளில் தோலைப் பதப்படுத்தியது. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, 2008இல் புவிசார் குறியீடும் பெற்ற தோல் அது. தோலும் திருவிழாவும் இங்கே பல இடங்களில் இப்படித் தொட்டுக்கொள்கின்றன. பறை, பம்பை, உடுக்கை, மிருதங்கம் எல்லாமே தோல். அம்மன் கோயில் வாசலில் பம்பைக்காரர் அடிக்கும் அடியில்தான் சாமி இறங்குகிறது. அந்தத் தோலை உரித்தவரும் பதப்படுத்தியவரும் வார்பிடித்துக் கட்டியவரும் எங்கே நின்றார்கள் என்று பார்த்தால் பல காலம் தெருவின் வெளியேதான். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' கச்சேரி மேடையைப் பற்றிக் கேட்ட கேள்வியை இந்த வட்டாரத்தின் எல்லாத் திருவிழாவைப் பற்றியும் கேட்க வேண்டும்.

மாசியில் மயானக் கொள்ளை. மகாசிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையன்று வேலூரின் பல பேட்டைகளிலிருந்தும் அங்காளம்மன் ஊர்வலங்கள் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வரும். காளி வேடம், எலுமிச்சை மாலை, பம்பை, சாம்பல். தானியமும் காய்கறியும் காசும் வாரியிறைக்கப்படும். இது நாசூக்கான விழா அல்ல, அப்படி ஆக வேண்டியதும் இல்லை. சுடுகாட்டுக்குள் வருடத்தில் ஒரு நாள் ஊரே நுழைகிறது. வெட்டியானுக்கும் பம்பைக்காரருக்கும் வேடம் கட்டும் இளைஞருக்கும் அன்றைக்கு வேலை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. வள்ளிமலை முருகன் கோயில் தேரும் இதே மாசியில்தான். மலையைச் சுற்றி நான்கு நாட்கள் அது நகர்கிறது. வழியில் ஒவ்வொரு ஊரும் தன் எல்லையில் தேரை வாங்கி இழுத்து அடுத்த ஊரிடம் ஒப்படைக்கும் அந்த ஏற்பாட்டைவிடப் பங்கு என்பதற்கு நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

மயானக் கொள்ளை நடக்கும் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உரித்த சில மணி நேரத்துக்குள் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்புப் போட வேண்டும். அந்த உப்பும், பிறகு சுண்ணாம்பும் குரோமியமும், பாலாற்றுப் படுகையில் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் சீரமைப்பையும் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆறும் பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் மணலைத்தான் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். 2021 நவம்பரில் கரை புரண்டு வெள்ளம் வந்தபோது மக்கள் பயத்தையும் மீறிப் பாலத்தில் கூட்டமாக நின்று பார்த்ததற்கு இதுவே காரணம். ஆற்றில் நீர் வருவதே ஒரு திருவிழாவாகிவிட்டது.

சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரில் புஷ்பப் பல்லக்கு. வணிகர்களும் தொழில் சங்கத்தாரும் ஆளுக்கொரு சாமிக்குப் பூப்பல்லக்கு ஜோடித்து விடிய விடிய வீதிகளில் கொண்டுவருவார்கள். எந்தப் பல்லக்கு அழகு என்று ஊரே அலசும். மண்டிக்காரருக்கும் பூக்கடைக்காரருக்கும் இது சாமி காரியம், கூடவே தொழில் கௌரவமும்தான். இதே வேனிலில் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா தொடங்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என்று பல நாட்கள் ஓடும். அர்ச்சுனன் தபசுக்காகப் பனை மரம் நட்டு, அதன்மேல் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலையில், ஊர்வெளியில் மண்ணால் செய்து படுக்க வைத்த மாபெரும் துரியோதனன் உருவத்தில் படுகளம், மாலையில் தீமிதி. கூத்துக் கலைஞர்களுக்கு ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில்தான். இங்கே ஒரு மாற்றம் நடக்கிறது. முன்பு விடியும்வரை கூத்துப் பார்த்தவர்கள் இப்போது காலை எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் கரைகிறது. அதை ரசனைக் குறைவு என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் நிற்கமாட்டேன். எட்டு மணி நேரம் ஷூ அப்பர் தைத்துவிட்டு வந்த பெண்ணிடம் விடிய விடிய விழித்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கூத்தை மாலையிலேயே தொடங்குவது நல்லது. சில ஊர்களில் சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது குடியாத்தம். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து காலையில் அம்மனின் சிரசு மட்டும் புறப்படும். பெரிய, அகன்ற கண்களுடைய, பூமாலையில் புதைந்த தலை. அதைத் தலையில் தாங்கி வருகிறவரைச் சுற்றி மனித வெள்ளம். வழியெல்லாம் சூறைத் தேங்காய். தெரு முழுக்க ஓடும் இளநீரும் மட்டையும் மிதித்துத்தான் நடக்க வேண்டும். கௌண்டன்ய ஆற்றங்கரைக் கோபாலபுரத்தில் கெங்கையம்மன் கோயிலில் உடல் காத்திருக்கும். சிரசு அந்த உடலில் பொருத்தப்பட்ட பிறகு, அன்று மாலைவரை லட்சக்கணக்கானவர்கள் முழு அம்மனைப் பார்ப்பார்கள். இரவில் சிரசு மறுபடியும் உடலைப் பிரியும், வாணவேடிக்கை நடக்கும்.

இதற்குப் பின்னாலிருக்கும் கதை ரேணுகையின் கதை. கணவன் ஜமதக்னியின் கட்டளைப்படி மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். அவளைக் காக்க வந்த, ஊருக்கு வெளியே வாழ்ந்த பெண்ணும் வெட்டுண்டு விழுகிறாள். வரம் கிடைத்து உயிர்ப்பிக்கும்போது தலையும் உடலும் மாறிப் பொருந்திவிடுகின்றன. ரிஷிபத்தினியின் சிரசு, சண்டாளச்சி என்று பழித்துச் சொல்லப்பட்டவளின் உடல். குடியாத்தத்தில் அந்த உடலை இன்றும் அந்தப் பெயராலேயே குறிக்கிறார்கள். இந்தக் கதையைச் சாதிக் கலப்பின் மீதான அச்சம் என்று விளக்குவோர் உண்டு. ஒடுக்கப்பட்டவளின் உடலைத் தெய்வமாக ஏற்ற நினைவு என்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தோலைத் தொடுவதைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகத்தில், தோலாலேயே வாழும் வட்டாரத்தின் ஆகப் பெரிய திருவிழா, சிரசு மட்டும் சாமியாகாது என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊரறியச் செய்து காட்டுகிறது. சிரசு ஊர்வலம் வரும் தெருக்கள் உயர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் உடல் இருக்கும் இடத்துக்குச் சிரசுதான் நடந்து வர வேண்டும். சுற்றுக் கிராமங்கள் எல்லாவற்றிலும் வைகாசியிலும் ஆனியிலும் சிறு சிறு சிரசுத் திருவிழாக்கள் நடக்கின்றன. கூழ் வார்த்தல், மாவிளக்கு, பம்பை என்று பெண்களின் உழைப்பால் நடக்கும் விழாக்கள் அவை. அவற்றில் பல ஊர்களில் இன்னும் தலித் தெருவுக்குள் சாமி போகுமா போகாதா என்பதில் தகராறு வருகிறது. அந்த ஊர்களின் பெரியவர்கள் தாங்கள் கும்பிடும் கதையை ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம்களின் ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் பருவங்களுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். பக்ரீத் 2022இல் ஜூலை 10, 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கடைத்தெருக்கள் இரவில்தான் விழித்திருக்கும். நோன்புக் கஞ்சிக்குச் செம்பு எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருகிற வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். தோல் வட்டாரத்துக்கே உரிய பண்டிகை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது பக்ரீத்தான். குர்பானி கொடுத்த ஆட்டின், மாட்டின் தோலை விற்று அந்தக் காசைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் தோலை மதரஸாவுக்கோ அநாதை இல்லத்துக்கோ கொடுத்துவிடுவார்கள். அன்று பிற்பகலிலிருந்து ஆட்டோவும் மினி லாரியும் தெருத்தெருவாகத் தோல் சேகரிக்கும். உப்பு மூட்டைகள் தயாராக இருக்கும். வெயில் ஏறினால் தோல் கெட்டுவிடும் என்பதால் நேரத்தோடு பந்தயம். மறுநாள் தோல் மண்டியில் ஏலம். அந்தப் பணம் பல அரபி மதரஸாக்களின் ஆண்டு வரவில் முக்கியமான இனம். ஆம்பூருக்கு அருகே காக்கா முகம்மது உமர் 1924இல் நிறுவிய உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம், வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற கல்வி நிலையங்கள் வளர்ந்த மண் இது. தோல் வணிகர்களின் கொடைதான் இந்த ஊர்களுக்கு வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற கல்லூரிகளையும் தந்தது.

கடந்த பத்தாண்டுகளில் குர்பானித் தோலின் விலை கடுமையாகச் சரிந்துவிட்டது. செயற்கைத் தோல், ஏற்றுமதி மந்தம், சுத்திகரிப்புச் செலவு என்று காரணங்கள் பல. வண்டி வாடகைக்கும் உப்புக்கும் கூலிக்கும் ஆகும் செலவே விற்ற விலையைத் தாண்டுகிறது என்று தோல் சேகரிப்பதையே நிறுத்திய இடங்கள் உண்டு. பண்டிகை நடக்கிறது, தொழுகை நடக்கிறது, பங்கீடு நடக்கிறது. ஆனால் பண்டிகையையும் தொழிலையும் கல்வியையும் இணைத்த ஒரு கண்ணி இற்றுப்போகிறது. இந்த வட்டாரத்தின் பண்பாட்டு நிகழ்வுகளைப் பற்றிப் பேசும் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வாணியம்பாடியின் இரவுகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. உருதுக் கவிஞர்களின் முஷாயிராவில் நல்ல இரண்டு அடி விழுந்தால் கூட்டமே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கும். அதே ஊரின் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'ஆலாபனை'க்கு 1999இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். முஷாயிராவும் தமிழ்க் கவியரங்கும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடந்த காலத்தின் விளைச்சல் அது என்றே நினைக்கிறேன். இப்போது இரண்டுக்கும் கூட்டம் தனித்தனி.

இனி, நடக்காத ஒரு விழாவைப் பற்றி. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூர் வர்த்தக மையத்தில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. சீரகச் சம்பா அரிசியும், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியுமாக ஆம்பூர் பிரியாணி புகழ் பெற்றது. ஆற்காட்டு நவாபின் சமையல்காரர் வழி வந்தது என்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். மாட்டிறைச்சி பிரியாணி மட்டும் கிடையாது. ஆம்பூரில் அன்றாடம் ஆயிரக்கணக்கானவர்கள் மதியத்தில் சாப்பிடுவது அதைத்தான். ஷூ கம்பெனித் தொழிலாளிக்கும் தோல் ஷாப்பில் சுமை தூக்குகிறவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் வயிறு நிறைப்பது அது. எதிர்ப்பு எழுந்தது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் பிற அமைப்புகளும் விழாவுக்கு வெளியே மாட்டிறைச்சி பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்றன. கனமழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், இந்தத் தவிர்ப்பை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது.

யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற கவலையில் மாட்டிறைச்சியை விட்டதாக நிர்வாகத் தரப்பை விளங்கிக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் யாருடைய மனம் எடைபோடப்பட்டது என்பதுதான் கேள்வி. மாட்டுத் தோலால் அந்நியச் செலாவணி ஈட்டும் ஊரில், அந்தத் தோலை உழைத்து ஷூவாக்கும் கைகளின் உணவு மேடைக்கு உதவாது என்றால் அது ஆம்பூரின் விழாவாக இருக்க முடியாது. வேண்டாதவர் சாப்பிடாமல் போக வழி செய்வது கடினமல்ல. தனிக் கடை, தனிப் பலகை, அவ்வளவுதான். ஆம்பூர் கடைத்தெரு அதை எந்த அரசாணையும் இல்லாமல் பல காலமாகச் செய்துவருகிறது. குடியாத்தத்தில் சிரசு உடலைத் தேடி வருகிறது. ஆம்பூரில் உடலை வெளியே நிறுத்திவிட்டுச் சிரசு மட்டும் ஊர்வலம் போகப் பார்த்தது.

மற்ற அரசு விழாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏலகிரியில் கோடை விழா நடக்கும். மலர்க் கண்காட்சியும் அரசுத் துறை அரங்குகளும் கலை நிகழ்ச்சிகளுமாக ஓரிரு நாள். மலைவாழ் மக்களுக்கு அதில் மேடையேறி ஆடும் வேலைதான், எதை வைப்பது என்று முடிவு செய்யும் இடமில்லை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவு நாளன்று வேலூர் மக்கான் சந்திப்பிலுள்ள நினைவுத் தூணில் ஆட்சியர் மலர்வளையம் வைப்பார். இத்தனை பெரிய நிகழ்வுக்கு இது மிகச் சிறிய விழா. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் நிற்கின்றன. 1981இல் மக்கள் தாமே லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்து வழிபாட்டைத் தொடங்கிய கோயில் அது. நூற்றாண்டுக் கணக்கில் வெறுமையாகக் கிடந்த இடத்துக்கு இன்று ஆண்டு முழுவதும் கூட்டம். மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் புதிதாக வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம், பள்ளிப் பிள்ளைகளால்தான் நிற்கின்றன. வி.ஐ.டி.யின் ரிவியரா பல்லாயிரம் மாணவர்களின் விழா. காட்பாடிக்காரர்களுக்கு அது மதிலுக்கு அப்பால் கேட்கும் இசை.

கிறிஸ்தவர்களின் அறுப்பின் பண்டிகை கவனிக்கப்படாத ஒன்று. லூத்தரன் மிஷனும் ஆற்காடு மிஷனும் வேரூன்றிய ஊர்கள் இவை. ஆலயத்துக்கு விசுவாசிகள் கொண்டுவந்து படைக்கும் பூசணியும் சேவலும் தேங்காயும் வழிபாடு முடிந்ததும் ஏலத்துக்கு வரும். நிலமில்லாத குடும்பங்கள் முதல் சம்பளத்தையோ தைத்த துணியையோ கொண்டுவருவதும் உண்டு. ஒரு எலுமிச்சம்பழம் போட்டியில் ஏறி ஏறிப் பல நூறு ரூபாய்க்குப் போகும். அந்த ஏலத்தில் ஊரே சிரிக்கும்.

ஐரோப்பாவை இங்கே கொஞ்சம் பார்ப்பதில் பயனுண்டு. நமது அதிகாரிகள் 'சர்வதேசத் தரத்தில் விழா' என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது அந்த நகரங்களைத்தான். இத்தாலியின் சியேனா நகரில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கிறது. நகரம் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் 10 பேட்டைகள் ஓடும். முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் ஓடாத ஏழு உரிமையாகவும் மூன்று குலுக்கலிலும் வரும். உலகமே பார்க்க வருகிறது, ஆனால் பந்தயம் பேட்டைக்காரர்களுடையது. சியேனா இருக்கும் அதே டஸ்கனி வட்டாரத்தில், ஆர்னோ ஆற்றங்கரையில், சாந்தா குரோச்சே என்ற தோல் பதனிடும் ஊர் இருக்கிறது. ஆம்பூர் வணிகர்களுக்குப் பழக்கமான பெயர். தோல் வாடை அடிக்கும் அந்த ஊர் தன் கார்னிவல் ஊர்வலத்துக்காகவும் அறியப்பட்டது. உள்ளூர்க் குழுக்கள் மாதக் கணக்கில் வேடங்களைத் தாமே தைத்துப் போட்டியிடுகின்றன. ஸ்பெயினின் காத்தலோனியாவிலுள்ள இகுவலாடாவும் பழைய தோல் ஊர்தான். அங்கே தொழில் நலிந்து மூடிய தொழிற்கூடங்கள் நிறைந்த ரெக் பகுதியில் 2009 முதல் அந்தப் பழைய கூடங்களுக்குள்ளேயே தற்காலிகத் துணிக்கடைகளும் இசையும் உணவுமாக நிகழ்ச்சி நடத்துகிறார்கள். தோல் அருங்காட்சியகமும் அந்த ஊரில் இருக்கிறது. நமது வட்டாரத்தில் நூறாண்டு கடந்த டேனரிகள் இடிந்து மனைப்பிரிவாகின்றன. ஓர் ஆவாரம்பட்டைக் குழியைக்கூட நாம் பாதுகாத்து வைக்கவில்லை.

எனவே இந்த வட்டாரத்துக்கென்று, அதன் தொழிலின் பெயரால் ஒரு விழா வேண்டுமென்றால் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆயுத பூஜை இருக்கிறது. அன்றைக்கு முன்தினமே கட்டிங் மேசையும் தையல் மெஷினும் பதனிடும் மர டிரம்மும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கப்படும். பொரி, கடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய். முஸ்லிம் முதலாளிகளின் கம்பெனிகள் பலவற்றிலும் தொழிலாளர்கள் இதைச் செய்வார்கள். நிர்வாகம் இனிப்புக் கொடுக்கும். ஆயுத பூஜையை அடுத்துத் தீபாவளி போனஸ் பேச்சு சூடு பிடிக்கும். சட்டம் வகுத்த குறைந்தபட்ச 8.33 சதவீதத்தோடு நிற்குமா, மேலே ஏறுமா என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் பணம் கைக்கு வந்த வாரத்தில்தான் ஆம்பூர், குடியாத்தம் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஆண்டின் பெரும் வியாபாரத்தைப் பார்க்கும்.

அந்த ஆயுத பூஜை நாளில் கம்பெனி கதவு குடும்பத்தாருக்குத் திறக்கட்டும். பல ஆண்டுகளாகத் தினம் போய்வரும் இடத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அன்று மாலை ஊர் மைதானத்தில் பறை, பம்பை செய்கிறவர்கள் தோல் கட்டிக் காட்டட்டும். முஷாயிராவும் கவியரங்கும் ஒரே மேடையில் நடக்கட்டும். ஆட்டுக்கறி பிரியாணி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுக்கறி பிரியாணி அடுப்பும் எரியட்டும். நிகழ்ச்சியை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் தையல் மெஷினில் உட்காருகிற பெண்களாக இருக்க வேண்டும். அதற்கு மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது மைதானத்தையும் தண்ணீரையும் கழிப்பறையையும் இரவுப் பேருந்தையும் கொடுப்பது. ஷிப்மென்ட் தேதியை இரண்டு நாள் தள்ளிப்போடும்படி வாங்குபவரிடம் பேசுவது முதலாளிகள் சங்கத்தின் வேலை.